கறிவேப்பிலைப் புழுக்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துச் சாகின்றன: அழகிப் பட்டாம்பூச்சி வளர்ப்பில் எங்கே தப்பு செய்கிறேன்?

தொட்டிச்செடி எழுதியது:

வணக்கம். வெகு நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியில் ஏதோ பறவை எச்சம் ஒட்டியிருக்கிறது என்று தட்டிவிடப் போனேன். எச்சம் தலையைத் தூக்கியது! எண்ணிப் பார்த்தால் 14 புழுக்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத் துணி விரித்து, கொழுந்து இலைகளைப் போட்டு, எல்லாவற்றையும் அதில் வைத்தேன். மூடியில் ஊசியால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டேன். ஐந்து நாள் நன்றாகத் தின்றன. நேற்றுக் காலை பார்த்தால் இரண்டு புழுக்கள் கறுத்துத் தொங்குகின்றன, தொட்டால் நீராக வடிகிறது. இன்று மேலும் மூன்று. நாற்றம் வேறு. மீதி 9. அதிலும் இரண்டு நேற்றிலிருந்து ஒன்றும் தின்னாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அவையும் போய்விடுமோ என்று பயம்.

இன்னொன்று. பட்டாம்பூச்சி ஆனபின் ஒன்றிரண்டை மட்டும் ஊசி குத்திச் சட்டத்தில் வைத்துக்கொள்ள ஆசை. இங்கே கேட்கலாமா கூடாதா தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.


நாரத்தைநிழல் எழுதியது:

முதலில் போய் மூடியைத் திறங்கள் தம்பி. மற்றதை அப்புறம் படிக்கலாம்.

திறந்தாயிற்றா? மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் நிற்குமே, அதுதான் உங்கள் எதிரி. இலையிலிருந்து வரும் ஈரம், புழுக்கையிலிருந்து வரும் ஈரம், போதாததற்கு நீங்கள் விரித்த ஈரத் துணி. ஊசி ஓட்டை பன்னிரண்டும் அந்த ஈரத்துக்கு எந்த மூலைக்கு? புழுக்கம், நெருக்கம், அடியில் ஊறிக் கிடக்கும் புழுக்கை, இவை மூன்றும் சேர்ந்தால் பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் திருவிழாதான். கறுத்து, கொழகொழவென்று ஆகி, தலைகீழாகத் தொங்கிச் செத்தால் பெரும்பாலும் தொற்றுதான். அந்த நீர் பட்ட இலையை அடுத்த புழு தின்றால் அதற்கும் வரும்.

இப்போது செய்யவேண்டியது: செத்தவற்றை டப்பாவோடு அப்புறப்படுத்துங்கள். அந்த டப்பா மீண்டும் வேண்டுமென்றால் வெளுப்பான் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவி வெயிலில் காயட்டும். மிச்சமிருக்கும் 9 புழுக்களையும் மூன்று மூன்றாகப் பிரியுங்கள். மூடிக்குப் பதில் கொசுவலைத் துணி கட்டுங்கள். அடியில் காய்ந்த காகிதம் போட்டு, தினமும் காலையில் மாற்றுங்கள். ஈரத் துணியே வேண்டாம். புழுவுக்கு வேண்டிய தண்ணீர் இலையிலேயே இருக்கிறது.

இலையைக் கிள்ளிப் போடாதீர்கள், காம்போடு கிளையாக ஒடித்துத் தண்ணீர் உள்ள சின்னக் குப்பியில் செருகுங்கள். குப்பி வாயைப் பஞ்சால் நன்றாக அடைக்க வேண்டும். இதை மறந்தால் என்ன ஆகும் என்று என் முதல் வருடம் கற்றுக்கொண்டேன். புழு காம்பு வழியே நேராகத் தண்ணீருக்குள் நடந்து போய் மூழ்கும். திரும்பி வரத் தெரியாது.

தின்னாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டைப் பற்றி: தலைக்குப் பின்னால் கொஞ்சம் உப்பியிருக்கிறதா? கால்களுக்கு அடியில் இலைமேல் மெல்லிய பட்டு விரிப்பு தெரிகிறதா? அப்படியென்றால் நோய் இல்லை, தோலுரிக்கப் போகின்றன. ஒரு நாள் முழுக்கக்கூட அசையாது. தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள்.


தொட்டிச்செடி எழுதியது:

அக்கா, உங்கள் பதிலைப் பார்க்கும் முன்பே அந்த இரண்டில் ஒன்றை இலையிலிருந்து பிய்த்து வேறு இலையில் வைத்துவிட்டேன். இப்போது பழைய தோல் பாதியில் சிக்கிக் கிடக்கிறது.


நாரத்தைநிழல் எழுதியது:

பிழைக்காது. பட்டு விரிப்பில் பின்னங்கால் கொக்கிகளை மாட்டிக்கொண்டுதான் அது பழைய தோலிலிருந்து முன்னால் நடந்து வெளியே வரும். பிடிமானம் போனால் தோல் கூடவே வரும். எல்லாரும் ஒரு தடவை செய்கிற தப்பு, விடுங்கள். இனிமேல் நகர்த்த வேண்டியிருந்தால் புழுவை விட்டுவிட்டு, அது உட்கார்ந்திருக்கும் இலையைக் கத்தரித்து இலையோடு மாற்றுங்கள்.


ஊசிப்பலகை எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் வளர்ப்பில் சொல்ல ஒன்றுமில்லை. தம்பி ஊசி குத்துவது பற்றிக் கேட்டாரே, அதற்குப் பதில் பிறகு சொல்கிறேன்.

எட்டில் எத்தனை இன்னும் எச்ச வேஷத்தில் இருக்கின்றன, எத்தனை பச்சையாகிவிட்டன?


தொட்டிச்செடி எழுதியது:

ஐயா, மூன்று பச்சை. நேற்று வரை கறுப்பு வெள்ளையாக எச்சம் மாதிரி இருந்தது, இன்று காலை பார்த்தால் மொழுமொழுவென்று பச்சை, முன்பக்கம் கண் மாதிரி இரண்டு. வேறு புழு ஏறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். விரலால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவைக்கொம்பு ஒன்று நீண்டது. அந்த வாடை இன்னும் விரலில் இருக்கிறது.


மஞ்சள்வால் எழுதியது:

அந்தக் கொம்புக்கு ஆஸ்மெடீரியம் என்று பெயர். அழகிக் குடும்பத்துப் புழுக்கள் எல்லாவற்றுக்கும் உண்டு, வேறு குடும்பத்துக்குக் கிடையாது. எறும்பு, சின்னக் குளவிகளை விரட்ட. நான் வளர்ப்பது குளிர்ப் பிரதேசத்து மஞ்சள் அழகி, பாப்பிலியோ மக்கேயான். அதன் புழுக்கள் கேரட், சோம்பு, சதகுப்பைச் செடிகளைத் தின்னும். அவற்றின் கொம்பு ஆரஞ்சு நிறம். சின்னப் புழுவின் வாடையும் பெரிய புழுவின் வாடையும் ஒன்றல்ல. கடைசி நிலையில் (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு நிலை, ஐந்தாவது கடைசி) புளித்த வெண்ணெய் நாற்றம், கரிம அமிலங்களால் வருவது. முந்தைய நிலைகளில் தாவர எண்ணெய் போல இருக்கும்.

எச்சம் பச்சையாவது எப்படி என்று 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாப்பிலியோ சூத்தஸ் என்ற இனத்தில். நான்காம் நிலையின் தொடக்கத்தில் உடலில் இளமை ஹார்மோன் குறைகிறது. அந்தக் குறைவுதான் அடுத்த தோலுரிப்பில் பச்சைச் சட்டையைக் கொண்டுவருகிறது. அந்த நேரத்தில் ஹார்மோனை வெளியிலிருந்து தடவினால் ஐந்தாம் நிலையிலும் எச்ச வேஷமே தொடரும்.


சும்மாவாசிப்பவன் எழுதியது:

ஒரு புழு எத்தனை இலை தின்னும்? நான் தொடங்குவதாக இல்லை, கேட்டுவைக்கிறேன்.


நாரத்தைநிழல் எழுதியது:

எல்லாரும் இப்படித்தான் தொடங்குவீர்கள். நான்காம் நிலை வரை தின்பது கொறிப்பு. வாழ்நாள் தீனியில் பெரும்பங்கு கடைசி நிலையில்தான் உள்ளே போகும், அதுவும் சில நாட்களுக்குள். இரவில் காதை வைத்துக் கேட்டால் அரைக்கிற சத்தமே கேட்கும். அதனால்தான் சொல்கிறேன், புழுவைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், செடியைப் பார்த்துப் போடுங்கள். இடுப்பளவுத் தொட்டிச் செடி என்றால் மூன்று, மிஞ்சினால் நான்கு. தம்பி 14 புழுக்களை எடுத்திருக்கிறார். செடி இப்போது எப்படி இருக்கிறது தம்பி?


தொட்டிச்செடி எழுதியது:

ஈர்க்குச்சி மாதிரி நிற்கிறது. அதைத்தான் கேட்க வந்தேன். புதிதாக ஒரு கன்று வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிடலாமா?


நாரத்தைநிழல் எழுதியது:

வேண்டாம்! எங்கே வாங்கினாலும் பரவாயில்லை, விற்பனைக்கு வரும் கன்றுகளுக்குப் பூச்சிமருந்து போட்டிருக்க நிறைய வாய்ப்பு. இலைமேல் தெளித்தது என்றால் கழுவலாம். வேர் வழியாக உறிஞ்சப்படும் வகை, இமிடாக்ளோப்ரிட் போன்றவை, இலைக்கு உள்ளேயே இருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் போகாது. எனக்கு ஒரு தடவை நாரத்தைக் கன்று ஒன்று வந்தது. பளபளவென்று ஒரு பூச்சி அரிப்பு இல்லாத இலை. அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம், எனக்கு அப்போது தெரியவில்லை. காலையில் 6 புழுக்களை மாற்றினேன். மதியம் எல்லாம் பச்சையாக வாந்தி எடுத்து, திருகிக்கொண்டு, அடியில் விழுந்து கிடந்தன. கன்றை விற்றவரைக் குறை சொல்லி என்ன செய்ய, அவர் அதைப் புழு வளர்க்கவா விற்றார்?

தெரிந்தவர்களிடம் மருந்து அடிக்காத மரம் இருந்தால் கிளை கேளுங்கள். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் அதே குடும்பம், இந்தப் புழு தின்னக்கூடியவை. ஆனால் பிறந்ததிலிருந்து கறிவேப்பிலை தின்ற ஐந்தாம் நிலைப் புழு திடீரென்று எலுமிச்சையைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அதற்குக் கறிவேப்பிலையே தேடுங்கள். சின்னவை சீக்கிரம் பழகும்.


தொட்டிச்செடி எழுதியது:

(ஆறு நாள் கழித்து)

தெரிந்தவர் வீட்டு மரம் ஒன்று கிடைத்தது. எட்டும் இருக்கின்றன. ஆனால் நேற்று இரவு ஒன்றுக்குப் பேதி. உருண்டை உருண்டையாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று தண்ணீராக, பச்சையாக. அதன்பின் தீனியை விட்டுவிட்டு வலைக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. மறுபடி தொற்றா?


ஊசிப்பலகை எழுதியது:

நல்ல செய்தி தம்பி. கூட்டுப்புழு ஆவதற்கு முன் குடலை முழுதாகக் காலி செய்யும். அப்புறம் இடம் தேடி அலையும். மூடி இல்லாத பெட்டி என்றால் மேசைக்கால், திரைச்சீலை, உங்கள் சட்டை வரை போகும். சாய்வாகச் சில குச்சிகளை உள்ளே நிறுத்துங்கள். இடம் பிடித்ததும் பின்நுனிக்குப் பட்டு மெத்தை ஒன்றும், இடுப்பைச் சுற்றி ஒரு நூலும் கட்டும். மரம் ஏறுபவர் இடுப்பில் வடம் போட்டுக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்பதைப் போல நிற்கும். அந்த நூலை அது கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளைத்து, முன்னங்கால்களில் நூல் சுருளைத் தாங்கிப் பிடித்து, போதுமென்று தோன்றியதும் தலையை அதற்குள் நுழைத்துக் கழுத்துக்குப் பின்னால் தள்ளும். நாற்பது வருடமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் நூல் நழுவிவிடுமோ என்று எனக்குத்தான் பதைக்கும்.

ஏறக்குறைய ஒரு நாள் அப்படியே சாய்ந்து நின்று, கடைசித் தோலை உரிக்கும். அந்த நேரத்தில் வலையை அசைக்க வேண்டாம்.


தொட்டிச்செடி எழுதியது:

எட்டும் கூடு கட்டிவிட்டன! நான்கு பச்சை, நான்கு பழுப்பு. ஒரே செடி, ஒரே பெட்டி, எப்படி இரண்டு நிறம்? ஒன்றின் இடுப்பு நூல் அறுந்து கீழே விழுந்துவிட்டது. உயிர் இருக்கிறது, தொட்டால் வயிற்றை ஆட்டுகிறது.


மஞ்சள்வால் எழுதியது:

நிறத்தை முடிவு செய்வது பரம்பரை மட்டுமல்ல, உட்கார்ந்த இடமும்தான். வழுவழுப்பான பச்சைத் தண்டில் கட்டியது பச்சையாகும், சொரசொரப்பான காய்ந்த குச்சியில் கட்டியது பழுப்பாகும் என்பது பொதுவான போக்கு. ஈரப்பதம், வெளிச்சம் எல்லாம் சேரும். குச்சிகளைப் பார்த்துச் சொல்லுங்கள், சரியாக இருக்கிறதா?

விழுந்ததற்குக் காகிதத்தில் கூம்பு செய்யுங்கள். கூட்டுப்புழு தலை மேலாக, பாதி வெளியே தெரிய நிற்கும் அளவு. கூம்பைச் செங்குத்தான சொரசொரப்பான பரப்பில், அட்டைப் பெட்டிச் சுவர் நல்லது, குத்தி நிறுத்துங்கள். வெளியே வந்ததும் பட்டாம்பூச்சி ஏறிப் பிடித்துத் தொங்க வேண்டும். சிறகு கீழ்நோக்கித் தொங்கினால்தான் நரம்புகளுக்குள் திரவம் ஏறி விரியும். பத்திருபது நிமிட வேலை. அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் கசங்கியது கசங்கியதுதான், பிறகு நீவிச் சரிசெய்ய வழியில்லை.


தொட்டிச்செடி எழுதியது:

ஆமாம், பழுப்பு நான்கும் காய்ந்த குச்சியில்! கூம்பு செய்துவிட்டேன்.


தொட்டிச்செடி எழுதியது:

(ஒன்பது நாள் கழித்து)

மூன்று செய்திகள். முதலாவது கெட்டது. ஒரு பழுப்புக் கூட்டில் குண்டூசித் தலையளவு ஓட்டை, அதன் வழியாகக் கொசுவைவிடச் சின்னதாக, பச்சை உலோகம் போல மின்னும் குளவிகள் வரிசையாக வந்தன. பத்துக்கணக்கில். எண்ண முடியவில்லை.

இரண்டாவது, இன்று காலை இரண்டு பட்டாம்பூச்சிகள் வெளிவந்தன. கறுப்பு, பின்சிறகில் வெள்ளைப் பட்டை, வால்.

மூன்றாவதுதான் குழப்பம். மூன்றாவதாக வெளிவந்தது வேறு இனம்! முன்சிறகில் வெள்ளைத் திட்டுகள், பின்சிறகு முழுக்க வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். படத்தோடு ஒப்பிட்டேன், சிவப்புடல் அழகி மாதிரியே இருக்கிறது. அதன் புழு ஆடுதின்னாப்பாளை தின்னும் என்கிறார்கள், என் செடிக்கு எப்படி வந்தது?


ஊசிப்பலகை எழுதியது:

உடலைப் பாருங்கள். சிவப்பா, கறுப்பா?


தொட்டிச்செடி எழுதியது:

கறுப்பு.


ஊசிப்பலகை எழுதியது:

அப்போது அது உங்கள் கறிவேப்பிலை அழகியேதான். பெண். சிவப்புடல் அழகியின் உடல் பெயருக்கேற்றபடி சிவப்பாக இருக்கும். இது சட்டையை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது.

கறிவேப்பிலை அழகி, பாப்பிலியோ பாலிடிஸ், ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி. பெண்களில் மூன்று வடிவம். ஸைரஸ் வடிவம் ஆணைப் போலவே இருக்கும். ஸ்டிகியஸ் ரோஜா அழகியைப் போல இருக்கும். ரோமுலஸ் சிவப்புடல் அழகியைப் போல இருக்கும், உங்களிடம் இருப்பது அதுதான். ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் ஆடுதின்னாப்பாளை, பெருமருந்துக் கொடி போன்றவற்றைத் தின்று அந்த நஞ்சை உடலில் சேர்த்துவைப்பவை. ஒரு தடவை வாயில் வைத்த பறவை மறுபடி தொடாது. கறிவேப்பிலை தின்றதன் உடலில் அந்த நஞ்சு கிடையாது, வேஷம் மட்டும்.

ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து இரண்டு மூன்று விதமான பெண்கள் வரலாம். இது எப்படி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்கையாளர் வாலஸ் காலத்திலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். 2014இல் கிருஷ்ணமேக் குண்டே, மார்கஸ் குரோன்ஃபோர்ஸ்ட் குழுவினர் விடை சொன்னார்கள்: டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு. பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டை நடத்தும் மரபணு அது. அதன் வேறு ஒரு பிரதிதான் இந்தச் சிவப்பு வெள்ளைச் சட்டையைத் தைக்கிறது.

உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் 1758இல் பெயர் வைத்தபோது இந்தப் பெரிய பட்டாம்பூச்சிகளுக்கு டிராய் யுத்தத்து வீரர்களின் பெயரைச் சூட்டினார். மார்பில் இரத்தச் சிவப்பு உள்ளவை டிராய்ப் பக்கம், இல்லாதவை கிரேக்கப் பக்கம். சிவப்புடல் அழகிக்கு ஹெக்டர் என்று பெயர். மக்கேயான் கிரேக்கப் படையின் மருத்துவன். யோசித்து வைத்திருக்கிறார் மனிதர்.


சும்மாவாசிப்பவன் எழுதியது:

இதற்குத்தான் இந்த இழையை விடாமல் படிக்கிறேன். அந்தக் குளவிகள்?


நாரத்தைநிழல் எழுதியது:

ப்டெரோமலஸ் புபாரம். கூடு கட்டப் போகும் புழு பக்கத்தில் பெண் குளவி காத்திருக்கும். கடைசித் தோல் உரிந்து, புதுக் கூடு இன்னும் மிருதுவாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் குத்தி முட்டை வைத்துவிடும். இறுகிவிட்டால் அதனால் குத்த முடியாது. தம்பி, உங்கள் கொசுவலை கண்ணி பெரிதாக இருந்திருக்கும். இந்தக் குளவிக்கு அது வாசல். அடுத்த தடவை கூடு கட்டும் இரண்டு மூன்று நாள் மட்டும் நெருக்கமான துணி போடுங்கள்.

குளவியைத் திட்டவும் வேண்டாம். அவை இல்லாவிட்டால் ஒரு கறிவேப்பிலைச் செடியும் மிஞ்சாது.


தொட்டிச்செடி எழுதியது:

இப்போது ஏழில் ஆறு வெளியே வந்துவிட்டன. கூம்பில் வைத்ததும் வந்தது, ஆனால் நழுவி விழுந்ததால் இடது பின்சிறகு சுருண்டுவிட்டது. ஒரு பச்சைக் கூடு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஐயா, ஊசி குத்துவது பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே. அந்த ரோமுலஸ் பெண்ணை வைத்துக்கொள்ளட்டுமா?


சிறகுவிடு எழுதியது:

இதற்காகவா இவ்வளவு பாடு? புழுவிலிருந்து காப்பாற்றி, சிறகு விரிந்த அன்றைக்கே கொல்வதா? கேமரா இல்லாத காலத்தில் சேகரித்தார்கள், சரி. இப்போது எதற்கு? அலெக்ஸாண்ட்ரா ராணியின் பறவைச்சிறகி என்ற பட்டாம்பூச்சியை 1906இல் துப்பாக்கியால் சுட்டல்லவா முதல் மாதிரி எடுத்தார்கள். குண்டு துளைத்த அந்தப் பெண் இன்றைக்கும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறகு விரித்தால் 25 செ.மீ. தாண்டும், பட்டாம்பூச்சிகளில் உலகத்திலேயே பெரியது. இன்று பாப்புவா நியூ கினியின் ஒரு மூலையில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.


ஊசிப்பலகை எழுதியது:

சுட்டவர் ஆல்பர்ட் மீக். உண்மைதான். ஆனால் அந்த இனம் சுருங்கியதற்குப் பெரிய காரணம் காடு போனதுதான். 1951இல் லாமிங்டன் எரிமலை வெடித்ததில் வாழிடத்தில் ஒரு பெரும்பகுதி அழிந்தது. பிறகு எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள் வந்தன. சேகரிப்பு ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. அரிதான இனத்தில், இடம் சுருங்கிய இனத்தில், வியாபாரத்துக்காகப் பிடிப்பது கொலைதான். அதற்குத்தான் அது சைட்டிஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. மற்ற பறவைச்சிறகிகள் எல்லாம் இரண்டாம் பட்டியலில். உங்கள் நாட்டுச் சட்டம் எதைத் தொடக்கூடாது என்கிறதோ அதைச் செத்துக் கிடந்தாலும் எடுக்காதீர்கள் தம்பி. முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் ஊசி.

கேமரா போதுமே என்பதற்கு: அடையாளத்துக்குப் போதும், எல்லாவற்றுக்கும் போதாது. சிரில் கிளார்க் என்று ஒரு மருத்துவர். பொழுதுபோக்காக அழகிகளை வளர்த்தார். கையால் இணை சேர்ப்பது எப்படி என்று பிலிப் ஷெப்பர்டோடு சேர்ந்து 1956இல் எழுதினார். ஆணையும் பெண்ணையும் சிறகைப் பிடித்து எதிரெதிராக வைத்து, ஆணின் வயிற்று நுனிப் பிடிப்பானை இடுக்கியால் மெல்ல விரித்து, பெண்ணின் நுனியில் படவைப்பது. பிடித்துக்கொண்டால் விட்டுவிடலாம், தானாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படி ஆயிரக்கணக்கில் வளர்த்து, வேஷம் போடும் பெண்களின் பரம்பரையைப் படித்தார்கள். அந்தக் கணக்குக்கும் மனிதர்களின் ரீசஸ் இரத்த வகைக் கணக்குக்கும் ஒற்றுமை இருப்பதைக் கண்டு கிளார்க் அந்தப் பக்கம் திரும்பினார். ரீசஸ் எதிர்மறைத் தாய்களுக்கு இன்று போடும் தடுப்பூசி அந்த வழியில் வந்தது. வளர்ந்த பூச்சிகளைச் சிறகு விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அது நடந்திருக்காது.


சிறகுவிடு எழுதியது:

கிளார்க் சரி ஐயா. சட்டத்தில் மாட்டி வரவேற்பறையில் வைப்பதும் கிளார்க் வேலையா?


ஊசிப்பலகை எழுதியது:

இல்லை. அதில் உங்கள் பக்கம்தான் நான். தேதியும் இடமும் எழுதாத பட்டாம்பூச்சி வெறும் அலங்காரம். அதற்கு ஒரு உயிர் தேவையில்லை.


நாரத்தைநிழல் எழுதியது:

தம்பி, அந்த ரோமுலஸ் பெண்ணை விட்டுவிடுங்கள். அது போய் முட்டையிட்டால் அடுத்த தலைமுறை உங்கள் செடிக்கே வரும். சிறகு சுருண்டது பறக்காது. பஞ்சில் தேன்நீர் நனைத்து வையுங்கள், நாக்கைக் குண்டூசியால் மெல்லப் பிரித்துக் காட்டினால் குடிக்கும். சில நாள் இருக்கும். போனபின் அதை வைத்துக்கொள்ளுங்கள். சிறகுவிடுவுக்கும் கோபம் வராது என்று நினைக்கிறேன்.


சிறகுவிடு எழுதியது:

வராது அக்கா.


மஞ்சள்வால் எழுதியது:

வெளியே விடுவது பற்றி ஒரு வார்த்தை. பிடித்த இடத்திலேயே விடுங்கள். தபாலில் கூடு வாங்கி வேறு ஊரில் பறக்கவிடாதீர்கள். எலுமிச்சை அழகி ஆசியாவைச் சேர்ந்தது. 2004இல் டொமினிகன் குடியரசில் தென்பட்டது, சில வருடத்தில் அக்கம்பக்கத்துத் தீவுகளுக்கும் பரவி எலுமிச்சைக் கன்றுகளை மொட்டையடித்தது.


தொட்டிச்செடி எழுதியது:

சுருண்ட சிறகுப் பூச்சி நான்கு நாள் இருந்தது. தேன்நீர் குடித்தது. நேற்று இரவு போய்விட்டது. இப்போது என்ன செய்ய வேண்டும் ஐயா? சிறகு விறைத்து மூடிக்கொண்டிருக்கிறது.


ஊசிப்பலகை எழுதியது:

இழுக்காதீர்கள், ஒடிந்துவிடும். ஈரப் பஞ்சு உள்ள மூடிய டப்பாவில், ஈரம் நேராகப் படாமல் ஒரு தட்டில் வைத்து ஒன்றிரண்டு நாள் ஊறவிடுங்கள். (ஆமாம், நீங்கள் தூக்கிப் போட்டீர்களே அந்த டப்பாதான். செத்த பூச்சிக்கு அது சரியான வீடு.) பூஞ்சை வராமல் இருக்க ஒரு நாப்தலின் உருண்டையும் உள்ளே இருக்கட்டும். மூட்டு இளகியதும் ஊசியை மார்பின் நடுவில் நேராக இறக்குங்கள். தையல் ஊசி வேண்டாம், துருப்பிடிக்கும்.

நடுவில் பள்ளம் உள்ள பலகையில் உடலை இறக்கி, இரண்டு பக்கமும் காகிதப் பட்டையால் சிறகை அழுத்தி, முன்சிறகின் பின்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக வரும்வரை மெல்ல மேலே நகர்த்துங்கள். சிறகில் நேராகக் குத்தாதீர்கள், முன்விளிம்புப் பெரிய நரம்புக்குப் பின்னால் ஊசி நுனியை வைத்துத் தள்ளுங்கள். விரல் படக்கூடாது, பட்டால் செதில் விரலோடு வந்துவிடும். சுருண்ட சிறகைச் சுருண்டபடியே விடுங்கள், அதுதான் அதன் கதை. இரண்டு வாரம் காயட்டும். எறும்பு மட்டும் ஒரு இரவில் உடலைக் காலி செய்துவிடும், பலகைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள், நிறம் வெளுக்கும்.

தேதியும் இடமும் எழுதிய சீட்டை மறக்காதீர்கள். ஊசியில் பூச்சிக்குக் கீழே.


தொட்டிச்செடி எழுதியது:

சீட்டில் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்:

பாப்பிலியோ பாலிடிஸ், ஆண். புழுவாக எடுத்தது, கறிவேப்பிலைத் தொட்டிச் செடியில். இடம். எடுத்த தேதி. கூடு கட்டிய தேதி. வெளிவந்த தேதி. இறந்த தேதி. கூடு விழுந்ததால் இடது பின்சிறகு விரியவில்லை. வளர்த்தவர் பெயர்.

அந்த ரோமுலஸ் பெண்ணை அன்றைக்கே விட்டுவிட்டேன். விரலில் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிறகை அடித்துக்கொண்டிருந்தது, அப்புறம் போய்விட்டது.

கடைசிப் பச்சைக் கூடுதான். மற்றதெல்லாம் 9 முதல் 11 நாளில் வந்தன. இது இன்றோடு 23 நாள். திறந்து பார்க்கட்டுமா?


ஊசிப்பலகை எழுதியது:

சீட்டு பிரமாதம். நான் முதல் பத்து வருடம் தேதி மட்டும்தான் எழுதினேன்.

திறக்காதீர்கள். கறுத்திருக்கிறதா? கையில் காற்றுப் போல எடையில்லாமல் இருக்கிறதா? வயிற்றுப் பக்கம் மெல்லத் தொட்டால் அசைகிறதா?


தொட்டிச்செடி எழுதியது:

பச்சையாகவே இருக்கிறது. கனமாகத்தான் இருக்கிறது. தொட்டேன், வாலை ஒரு பக்கம் ஆட்டியது.


மஞ்சள்வால் எழுதியது:

அப்படியென்றால் உறங்குகிறது. என் மக்கேயான்கள் குளிர்காலம் முழுக்கக் கூட்டுக்குள்ளேயே கிடக்கும். வெப்பப் பகுதிகளிலும் வறண்ட பருவம் நெருங்கும்போது அழகிகளில் சில இப்படித் தங்கிவிடும். வாரம் ஒரு தடவை லேசாக நீர் தெளித்து, எறும்பு போகாத இடத்தில் வையுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம்.


சும்மாவாசிப்பவன் எழுதியது:

மருந்து அடிக்காத செடி ஒன்று கிடைத்தது. அதில் மூன்று எச்சம் இருக்கின்றன. மூன்று மட்டும்தான் அக்கா, சத்தியமாக.